இனித்த மணி

அத்தியாயம் பன்னிரண்டு

காலை பதினொரு மணிக்கு டெய்லரம்மாவின் உதட்டில் இருந்த மணி இனித்தது.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது.

முப்பத்தைந்து வருஷமாக அவள் துணியில் மணி தைக்கிறாள். ஊசியில் நூல் கோக்கும்போது இரண்டு கைக்கும் வேலை இருக்கும். அதனால் அடுத்துத் தைக்க வேண்டிய மணியை உதட்டுக்கு நடுவில் பிடித்துக்கொள்வாள். "என்னைக்காவது ஒரு நாள் முழுங்கப் போற" என்று மகன் ஐந்து வயதிலிருந்தே மிரட்டி வருகிறான். அவள் விட்டபாடில்லை. கண்ணாடி மணிக்கு ருசி கிடையாது, கொஞ்சம் குளிர்ச்சி உண்டு, அவ்வளவுதான்.

இன்று ஊசிக்குள் நூல் போக மறுத்தது. முதல் தடவை ஊசிக் காதுக்கு வலது பக்கம் போனது. அடுத்த தடவை இடது பக்கம். நூல் நுனியை நனைத்து முறுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நாலாவது தடவை கோத்து முடிப்பதற்குள் உதட்டில் இருந்த மணி பாதியாகிவிட்டது.

அவள் நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தாள். சர்க்கரை.

மடியில் கிடந்த வெள்ளை கவுன் நழுவித் தரையில் விழுந்தது. பாட்டிலிலிருந்து இன்னும் இரண்டு மணியை எடுத்துத் தண்ணீர் டம்ளரில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் டம்ளரின் அடியில் வெள்ளையாக ஏதோ கலங்கியது. விரலை விட்டுத் துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை.

மேஜையின் மறுபக்கம் இன்னொரு பாட்டில் இருந்தது. அதைத் திறந்து ஒரு மணியை எடுத்து விரலில் உருட்டினாள். குளிர்ந்தது. நடுவில் நூல் போகிற ஓட்டை நகத்தில் இடறியது.

கண்ணாடி.

கண்ணாடி மணி மிட்டாய் செய்கிற பக்கத்தில் இருக்கிறது, மிட்டாய் மணி தைக்கிற பக்கத்தில் இருக்கிறது. அப்படியென்றால் நேற்று அவள் கையாலேயே மிட்டாயில் வைத்தது எது?

நடுவில் ஓரிரு வாரம் விட்டுப்போனவர்களுக்கு இரண்டு வரி. டெய்லரம்மாவுக்கு ஒரே மகன், லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் மேலேயும் கீழேயும் போய்வருகிற உத்தியோகம். அவன் காதலித்துக் கட்டிக்கொண்ட பெண்ணிடம் டெய்லரம்மா மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பெண் வீட்டிலிருந்தே சாக்லேட் செய்து விற்கிறேன் என்று கிளம்பியபோது, "வந்துட்டாங்க மிட்டாய் மகாராணி" என்று இவள் முணுமுணுத்தாள். அந்தப் பெயர் தேய்ந்து மிட்டாய் ஆகி, திட்டு போய்ச் செல்லமாகவே ஆகிவிட்டது. வீட்டில் பெரிய மேஜை ஒன்றுதான். நடுவில் தையல் சாக்பீஸால் டெய்லரம்மா ஒரு கோடு போட்டிருந்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் மிஷின், அந்தப் பக்கம் மிட்டாய்.

போன வாரம் அவள் நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கண் டாக்டரிடம் போனாள். இரண்டு கண்ணிலும் புரை, ஆபரேஷன் செய்ய வேண்டும், அதுவரை நுணுக்கமான வேலை கூடாது என்றார் டாக்டர். அந்தச் சீட்டு மிஷினின் இழுப்பறையில், பழைய பட்டன் டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. சொன்னால் மகன் அன்றைக்கே மிஷினுக்கு உறை போட்டு மூடிவிடுவான். புருஷன் போன பிறகு அந்த மிஷின்தான் அவளை நிமிர்ந்து நிற்க வைத்தது. ஆபரேஷன் சரியாக வராவிட்டால்? கையை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது சாப்பாடு போடும்வரை உட்கார்ந்திருப்பதா? அதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று சாயங்காலம் நடந்தது இதுதான்.

இன்றைய காதலர் தினத்துக்காக மிட்டாயிடம் நாற்பது பெட்டி ஆர்டர் இருந்தது. அவளுடைய வேலையில் அடுப்புக்குப் பெரிய பங்கில்லை. வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்துச் சாக்லேட்டை உருக்குவாள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழுந்தாலும் அத்தனையும் மணல் மணலாகத் திரிந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளறுவாள். உருகியதை இதய வடிவ அச்சில் ஊற்றி, தட்டைத் தட்டிக் காற்றுக் குமிழியை வெளியேற்றி, அலங்காரம் செய்து குளிர்ப்பெட்டிக்குள் தள்ளினால் அரை மணி நேரத்தில் சாக்லேட் தயார். நாற்பது பெட்டியில் முப்பத்தெட்டு, பழுப்பு இதயங்கள். இரண்டு பேர் மட்டும் வெள்ளைச் சாக்லேட்டில் முத்து வைத்துக் கேட்டிருந்தார்கள். பெட்டிக்கு ஆறு. ஆகப் பன்னிரண்டு வெள்ளை இதயம், ஒரே தட்டு.

முத்து என்றால் கடையில் கிடைக்கிற வெள்ளைச் சர்க்கரை மணி. பொட்டலத்தில் வந்ததை மிட்டாய் ஒரு காலி காப்பி பாட்டிலில் கொட்டி வைத்திருந்தாள். டெய்லரம்மாவின் மணிகளும் காலி காப்பி பாட்டிலில்தான். அதற்கும் அந்த வீட்டில் முத்து என்றுதான் பெயர். நேற்று மத்தியானம் கீழ்த்தட்டில் எறும்பு ஏறிவிட்டதால் மிட்டாய் தன் பாட்டில்களை டெய்லரம்மாவின் மேல்தட்டுக்கு மாற்றினாள். "லேபிள் ஒட்டியிருக்கேன் அத்தை, பார்த்து எடுங்க" என்றும் சொன்னாள்.

சாயங்காலம் வெள்ளைச் சாக்லேட்டை அச்சில் ஊற்றியவுடன் அவசரம் வந்துவிட்டது.

"அத்தை, என் கை ரெண்டும் சாக்லேட். அந்த முத்து பாட்டிலை எடுத்து நீங்களே கொஞ்சம் தூவிடறீங்களா? உறையறதுக்குள்ள ஆகணும்."

கோட்டுக்கு அந்தப் பக்கம் அவளை அழைத்தது அதுதான் முதல் தடவை. டெய்லரம்மாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது.

"தூவறதா? கோழிக்குத் தீனியா போடறோம்? ஒரு ஹார்ட்டுக்கு அஞ்சு. நடுவுல ஒன்னு, சுத்தி நாலு. பூ மாதிரி உக்காரும், பாரு."

"சரி, பூவே வைங்க. ஆனா கையுறை போட்டுக்கோங்க."

எடுத்த பாட்டிலின் மேல் ஏதோ வெள்ளையாக இருந்தது. லேபிளோ, விளக்கு வெளிச்சமோ, தெரியவில்லை. கேட்டால் கண் விஷயம் வெளியே வந்துவிடும் என்று கேட்கவில்லை. வெறும் விரலாக இருந்திருந்தால் தொட்ட மாத்திரத்தில் கண்ணாடி என்று சொல்லியிருக்கும். விரல் கையுறைக்குள் இருந்தது.

பன்னிரண்டு பூ. அறுபது மணி. "அத்தை, கடையில வாங்கினாக்கூட இப்படி இருக்காது" என்று மருமகள் சொன்னதைக் கேட்டு நேற்று அவள் சந்தோஷமாகத் தூங்கினாள்.

இன்று காலை எட்டு மணிக்கே மகன் எல்லாப் பெட்டியையும் வண்டியில் கட்டிக்கொண்டு, வேலைக்குப் போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். மூன்று மணி நேரம் ஆகிவிட்டது.

முதலில் அவளுக்குத் தோன்றியது என்ன தெரியுமா? யாருக்கும் தெரியாமல் தானே போய் இரண்டு பெட்டியையும் வாங்கிவந்துவிட வேண்டும் என்பதுதான். ஏதாவது பொய் சொல்லிக்கொள்ளலாம். ஆர்டர் நோட்டை எடுத்தாள், பிரித்தாள், மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். மிட்டாயின் கையெழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி பக்கம் முழுக்கக் கலங்கித் தெரிந்தது. ஒரு பெயரைக்கூடப் படிக்க முடியவில்லை.

யாரோ ஒருவர் இந்த நிமிஷம் பெட்டியின் ரிப்பனை அவிழ்த்துக்கொண்டிருக்கலாம். ஆசையாக ஒன்றைக் கடிக்கலாம். பல் உடையலாம், கண்ணாடி உடைந்து நாக்கைக் கிழிக்கலாம். உடையாமல் தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டால்?

நோட்டைப் போட்டுவிட்டு உள்ளறைக்கு ஓடினாள். இரண்டு நாள் அலுப்பில் மருமகள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"மிட்டாய், எழுந்திரும்மா. எழுந்திரு. பாட்டில் மாறிடுச்சு."

"எந்த பாட்டில்?"

"முத்து பாட்டில். வெள்ளை ஹார்ட்டுல இருக்கிறது என் முத்து. கண்ணாடி."

மிட்டாய் எழுந்த வேகத்தில் கட்டிலில் முழங்காலை இடித்துக்கொண்டாள். மேஜைக்கு ஓடி இரண்டு பாட்டிலையும் திறந்து பார்த்தாள்.

"ஐயோ அத்தை, எல்லாம் என் தப்பு. லேபிளை இத்தனூண்டு எழுதி வெச்சேன். உங்க தட்டுல கொண்டுபோய் என் பாட்டிலை வெச்சேன். யாருக்குத்தான் குழம்பாது?"

இல்லை, உன் தப்பில்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. டெய்லரம்மாவின் வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம், முதலில் பெட்டி கிடைக்கட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்படி ஒரு கோழை அவள் என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

மிட்டாய் முதலில் புருஷனைக் கூப்பிட்டாள். போன் போகவில்லை. இருபது மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் கூண்டுக்கு மேல் நிற்கிறவனுக்கு எங்கே சிக்னல்? ஆறு தடவை அடித்துவிட்டு, "அவசரம், உடனே கூப்பிடுங்க" என்று செய்தி அனுப்பினாள்.

முதல் பெட்டி ஒரு பல் டாக்டருக்கு. அவர் மனைவிக்காக வாங்கியது. கிளினிக்கில் போனை எடுத்த பெண் நிதானமான ஆள்.

"பெட்டி டிராயர்லதான் இருக்கு. ரிப்பன்கூட பிரிக்கல."

"பிரிச்சு எண்ணிச் சொல்லுங்க, ப்ளீஸ்."

"ஒன்னு, ரெண்டு... ஆறு இருக்கு. அழகா இருக்குங்க, பூ பூவா."

"தொடாதீங்க. யாரும் சாப்பிடக் கூடாது. அதுல இருக்கிறது கண்ணாடி மணி."

"பல் டாக்டருக்கே கண்ணாடியா? எங்களுக்கு வேலை இல்லாமப் போயிடுச்சேன்னு அனுப்பினீங்களா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பெண் பெட்டியைப் பூட்டி வைப்பதாகச் சொன்னாள். மிட்டாய் சிரிக்கப் போய் அழுதுவிட்டாள்.

இரண்டாவது பெட்டி, ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரர் தன் மனைவிக்காகச் சொன்னது. அவர் எடுத்தவுடனே உற்சாகமாகப் பேசினார்.

"பெட்டி போய்ச் சேர்ந்துடுச்சும்மா. காலையில உங்க வீட்டுக்காரர் வந்தப்போ, அவ வேலை பார்க்கிற இடத்துக்கே கொண்டுபோய்க் குடுக்கச் சொல்லிட்டேன். ஒரே குஷி. சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடலாம்னு சொல்லியிருக்கா."

"எங்க வேலை பார்க்கிறாங்க, சார்?"

"குழந்தைகள் காப்பகத்துல. ரெண்டு, மூணு வயசுப் பசங்க."

மிட்டாய் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். டெய்லரம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கொடுத்த காப்பகத்தின் எண்ணுக்கு அடித்தார்கள். மணி போய்க்கொண்டே இருந்தது. ஸ்டூடியோக்காரரின் மனைவியும் தன் போனை எடுக்கவில்லை. இது பசங்க தூங்குகிற நேரம், எல்லா போனையும் ஊமையாக்கி வைத்திருப்பார்கள் என்று அவரே திரும்பக் கூப்பிட்டுச் சொன்னார். இப்போது அவர் குரலிலும் உற்சாகம் இல்லை.

டாக்சியில் போகும்போது டெய்லரம்மா சர்க்கரை முத்து பாட்டிலை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள். எதற்கு அதை எடுத்துவந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பூக்கடை வாசலில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன.

"கொஞ்சம் சீக்கிரம் போங்க, அண்ணே" என்றாள் மிட்டாய்.

"இன்னைக்கு ஊர்ல எல்லாருக்கும் அவசரம்தாம்மா. அந்தப் பையனைப் பாருங்க, ரோஜாவை வாயில கவ்விக்கிட்டு வண்டி ஓட்டறான்."

யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் கண்ணாடியில் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தி, ஒரு சந்துக்குள் வண்டியைத் திருப்பினார்.

"அத்தை, யாராவது கேட்டா நான்தான் பாட்டிலை மாத்தி வெச்சேன்னு சொல்லிடறேன். நீங்க ஒன்னும் பேசாதீங்க. உங்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

டெய்லரம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே கடையும் ஆளும் ஒன்றோடொன்று கலந்து ஓடின. மூன்று மாதம் முகம் கொடுக்காத மாமியாருக்காக இந்தப் பெண் பழியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்கிறாள். இவளோ வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

காப்பகம் முதல் மாடியில். கதவில் ஒரு விரலை உதட்டில் வைத்த பொம்மைப் படம் ஒட்டியிருந்தது. மிட்டாய் மெதுவாகத் தட்டினாள். கதவைத் திறந்தது ஸ்டூடியோக்காரரின் மனைவியேதான், குழந்தைகள் டீச்சர் என்று கூப்பிடுகிற பெண்.

விஷயத்தைக் கேட்டவுடன் அவர் கண்கள் விரிந்தன. "நான் ஒன்னுகூட எடுக்கலையே. அப்படியே வெச்சிருக்கேன்."

"எங்க வெச்சிருக்கீங்க?"

"பை வைக்கிற தட்டுலதான்."

அது தாழ்வான தட்டு. அவர் பெட்டியை எடுத்துவந்தார். ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. மிட்டாய் மூடியைத் திறந்தாள். டெய்லரம்மா பார்க்கவில்லை, விரலை விட்டு ஒவ்வொரு குழியாகத் தடவினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவது குழி காலி.

"பதினோரு பசங்க" என்றார் டீச்சர். "பதினோரு பேரும் தூங்கறாங்க. யாரு எடுத்ததுன்னு..."

உள்ளே திரை போட்டு இருட்டாக்கியிருந்தார்கள். தரையில் வரிசையாகச் சின்னச் சின்ன மெத்தை. டெய்லரம்மாவின் கண்ணுக்கு மெத்தை எது, பிள்ளை எது என்று பிரிக்க முடியவில்லை. எல்லாம் சாம்பல் நிறக் குவியலாகத் தெரிந்தன.

"விளக்கைப் போடட்டுமா?" என்றாள் மிட்டாய்.

"வேண்டாம்" என்றார் டீச்சர். "ஒருத்தன் எழுந்து அழுதா எல்லாரும் அழுவாங்க. வாயில எதையாவது வெச்சிருக்கிற பிள்ளை அலறி அழுதா என்ன ஆகும்?"

மூவரும் மண்டியிட்டார்கள். மிட்டாய் ஒரு வரிசை, டீச்சர் ஒரு வரிசை, டெய்லரம்மா ஜன்னலோர வரிசை. குனிந்து மூச்சை முகர்ந்தாள். முதல் பிள்ளையிடம் பால் வாசனை. அடுத்தது கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தது. மூன்றாவது பிள்ளையின் காலைத் தலை என்று நினைத்துத் தடவிவிட்டாள். நான்காவது, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது. கிட்டே போகும்போதே வாசனை வந்தது. நேற்று சாயங்காலம் வீடெல்லாம் வீசிய அதே வாசனை.

சின்ன முஷ்டி ஒன்று மார்போடு சேர்ந்து இறுகியிருந்தது. அவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே வெள்ளைச் சாக்லேட் பிசுபிசுவென்று உருகிக் கிடந்தது. ஒரு ஓரம் சப்பி மழுங்கியிருந்தது.

"இங்க இருக்கு" என்றாள், சத்தமே வராமல்.

மற்ற இருவரும் தவழ்ந்து வந்தார்கள். டெய்லரம்மா அந்தப் பிசுக்கைத் தன் உள்ளங்கைக்கு மாற்றி, கட்டைவிரலால் நசுக்கி, தேடினாள். ஒரு மணி. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது.

பிள்ளையின் உள்ளங்கையைத் தடவினாள். சட்டையை, மெத்தையை, தலையணைக்கு அடியை, காதோரத்தை, கழுத்து மடிப்பைத் தடவினாள்.

"நாலு" என்றாள்.

டீச்சர் மூச்சை விட்டார். "அப்பாடா, கிடைச்சிடுச்சு."

"அஞ்சு வெச்சேன்."

"நாலுதான் வெச்சிருப்பீங்கம்மா. ராத்திரி பகலா வேலை செஞ்சிருக்கீங்க. தூக்கக் கலக்கத்துல ஒன்னு குறைஞ்சிருக்கும்."

"அத்தை, அப்படியும் இருக்கலாம்ல?" என்று மிட்டாய் கெஞ்சுவது போலக் கேட்டாள்.

"இல்ல. அஞ்சு."

டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. குரலைத் தாழ்த்தியபடியே சீறினார். "சர்க்கரை எது, கண்ணாடி எதுன்னே தெரியாம வெச்சிருக்கீங்க. எண்ணிக்கை மட்டும் எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?"

"மேடம், அது என் தப்பு" என்று மிட்டாய் முந்திக்கொண்டாள். "லேபிள் சின்னதா..."

"சும்மா இரு, மிட்டாய்" என்றாள் டெய்லரம்மா.

இருட்டில் மூன்று பெண்கள் முழங்காலில் இருந்தார்கள். நடுவில் ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு இன்னும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தப் பிள்ளையின் மூச்சுச் சத்தத்துக்குப் பக்கத்தில் மிஷின், உறை, இழுப்பறை எல்லாமே எங்கேயோ தூரத்தில் போய்விட்டன.

"எனக்குக் கண்ணு தெரியல" என்றாள். "ரெண்டு கண்ணும். டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்து ஒரு வாரம் ஆச்சு. மிஷின் டிராயர்ல பட்டன் டப்பாவுக்குக் கீழே இருக்கு, போய்ப் பாரு. லேபிள் சின்னதும் இல்ல, பெரிசும் இல்ல. எனக்கு லேபிளே தெரியல. கேட்டிருந்தா நீ படிச்சுச் சொல்லியிருப்ப. கேக்கல. காலையிலேர்ந்து உன்னைப் பழி ஏத்துக்க விட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

மிட்டாயின் முகம் எப்படிப் போனது என்று டெய்லரம்மாவுக்குத் தெரியாது. தோளில் ஒரு கை வந்து அழுத்தியது மட்டும் தெரிந்தது.

"கண்ணு பொய் சொல்லும், டீச்சர். இந்த விரல் முப்பத்தஞ்சு வருஷமா எண்ணுது. நடுவுல ஒன்னு, சுத்தி நாலு. அஞ்சுதான் வெச்சேன். ஒன்னு இந்தப் பிள்ளைகிட்ட இருக்கு."

டீச்சர் குனிந்து பிள்ளையின் கன்னத்தை மெல்லத் தட்டினார். "கண்ணா, எழுந்திரு. டீச்சரைப் பாரு."

பிள்ளை விழித்தது. அழவில்லை. மெத்தையைச் சுற்றி மூன்று பெரிய தலைகள் குனிந்திருப்பதைப் பார்த்துவிட்டு மெதுவாக எழுந்து உட்கார்ந்தது.

"வாயைத் திற, கண்ணா. ஆ காட்டு."

பிள்ளை வேகமாகத் தலையை ஆட்டியது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டது. தட்டிலிருந்து எடுத்தது தெரிந்துபோயிற்று, இனி பிடுங்கிக்கொள்வார்கள் என்று அதற்குப் புரிந்துவிட்டது. யாரிடமும் தருவதாக இல்லை.

மிட்டாய் கையை நீட்டினாள். டீச்சர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "விரலை விடாதீங்க. உள்ள தள்ளிடும். அவனே துப்பணும்."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பிள்ளை நாக்கைப் புரட்டியபோது, உள்ளே ஏதோ பல்லில் இடித்து 'டிக்' என்றது. மற்ற இருவருக்கும் கேட்டதோ இல்லையோ, டெய்லரம்மாவுக்குக் கேட்டது. தன் பல்லில் அந்தச் சத்தத்தை அவள் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள்.

இன்னும் விழுங்கவில்லை.

அவள் டாக்சியிலிருந்து கொண்டுவந்து பக்கத்தில் வைத்திருந்த பாட்டிலைத் திறந்தாள். ஒரு சர்க்கரை முத்தை எடுத்துத் தன் உதட்டுக்கு நடுவில் வைத்து, பிள்ளையின் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள். பிள்ளை பார்த்தது. கிழவியின் வாயிலும் ஒன்று!

டெய்லரம்மா வேடிக்கையாகக் கன்னத்தை உப்பி, 'தூ' என்று தன் உள்ளங்கையில் துப்பிக் காட்டினாள். பிறகு அந்த உள்ளங்கையைப் பிள்ளையின் தாடைக்குக் கீழே விரித்தாள்.

"இப்போ உன் முறை, ராஜா. உன்னுதும் என்னுதும் ஒன்னா வெச்சு யாருது பெரிசுன்னு பாப்போம்."

பிள்ளையின் கன்னம் அசைந்தது. தாடை கொஞ்சம் கீழே இறங்கியது. சூடான மூச்சு அவள் விரலில் பட்டது. டீச்சர் அசையாமல் இருந்தார். உதடு பிரியத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து மிட்டாயின் பையில் போன் அலறியது.

லிஃப்ட் கூண்டிலிருந்து இறங்கி வந்து, ஆறு தடவை தவறவிட்ட அழைப்பைப் பார்த்துவிட்டு, மகன் கூப்பிடுகிறான்.

அறை முழுக்கப் பிள்ளைகள் திடுக்கிட்டு எழுந்தார்கள். ஒன்று வீரிட்டது, அதைக் கேட்டு இன்னொன்று. மணியை வாயில் வைத்திருந்த பிள்ளை உடம்பெல்லாம் தூக்கிப்போட, ஒரு மூச்சைச் சடக்கென்று உள்ளே இழுத்தது.

"துப்பிட்டானா? அத்தை, துப்பிட்டானா?"

டெய்லரம்மாவுக்குத் தெரியவில்லை. எதிரே சாம்பல் நிறமாக ஒரு முகம் அசைந்தது, அவ்வளவுதான். உள்ளங்கையைப் பிள்ளையின் தாடைக்குக் கீழேயே விரித்து வைத்துக்கொண்டு, தோலில் குளிர்ச்சியாக ஏதாவது விழுகிறதா என்று அவள் காத்திருந்தாள்.